ஜீவனஹள்ளியில் எலும்புப் பள்ளத்தாக்கு

அப்பாவை எங்கே புதைப்பது என்று முடிவு செய்ய எங்கள் வீட்டில் அரை நாள் பிடித்தது. இடம் இல்லாமல் இல்லை. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இடம் இருந்தது, அதற்கான ரசீது பீரோவில் பத்திரமாக இருந்தது. குறுக்கே நின்றவர் எசேக்கியேல் தீர்க்கதரிசி. பாபிலோனில் சிறையிருந்த ஒரு எபிரெய மனிதர், இரண்டாயிரத்தைந்நூறு வருஷம் கழித்து, தொண்ணூறுகளின் கடைசியில், ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து வழிமறிப்பார் என்று யார் நினைத்தது? அவரைக் கைப்பிடித்து அழைத்து வந்தவர் வேறு யாருமில்லை, ஐஸ் பெட்டியில் படுத்திருந்த அப்பாவேதான்.

முதலில் கல்லறை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கண்டோன்மென்ட் பக்கத்துக் கல்லறைத் தோட்டங்களெல்லாம் எப்போதோ நிரம்பிவிட்டன. பெங்களூரில் உயிரோடு இருக்கிறவனுக்கே வாடகைக்கு வீடு அகப்படாதபோது செத்தவனுக்கு மட்டும் புது இடம் எங்கிருந்து வரும்? ஆகவே எங்கள் சபையில் ஒரு வழக்கம். குடும்பத்துக்கு ஏற்கெனவே கல்லறை இருந்தால் அதைத் திறப்பார்கள். பழைய எலும்புகளைப் பொறுக்கி ஒரு வெள்ளைத் துணியில் கட்டி, குழியின் கால்மாட்டில் வைத்துவிட்டு, புதுப் பெட்டியை இறக்குவார்கள். கல்லறை இல்லாதவர்களுக்கு அத்திபெலே போகிற வழியில் கமிட்டி வாங்கிப் போட்ட ஒரு பொட்டல் உண்டு. இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கி, வெயிலில் அரை மணி நேரம் நடக்க வேண்டும்.

எங்களுக்குக் கல்லறை இருந்தது. அதில் என் அக்கா இருந்தாள். நான் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்னால், நாலு வயதில், காய்ச்சலில் போனவள். எனக்கு முப்பது வயதானபோதும் அவளுக்கு நாலு வயதுதான். சனிக்கிழமைதோறும் அம்மா மார்க்கெட் முடித்து, கையில் காய்ப் பையோடு அங்கே போவாள். புல் பிடுங்குவாள், சிலுவையை முந்தானையால் துடைப்பாள், வந்துவிடுவாள். அங்கே அவள் அழுது நான் பார்த்ததில்லை. அந்தக் கல்லறையைத் திறக்கவே கூடாது என்றாள் இப்போது. திறக்காவிட்டால் அப்பா அத்திபெலே ரோட்டுக்குப் போக வேண்டும், மூட்டுவலிக்காரி அம்மா அவரை அதற்கப்புறம் பார்க்கப்போவதில்லை. திறந்தால் அக்கா கலைந்துபோவாள். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

இதில் எசேக்கியேல் எங்கே வந்தார் என்றால், புதன்கிழமை வழியாக வந்தார்.

அப்பா ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார். வீடு ஜீவனஹள்ளியில், விலாசம் கேட்டால் கௌரவத்துக்காகப் பக்கத்துக் காக்ஸ் டவுன் என்பார். அந்தக் காக்ஸ் டவுன் பிரமுகரின் வீட்டில் புதன்கிழமை சாயங்காலம் காட்டேஜ் பிரேயர், அதாவது சபைக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிற வீட்டு ஜெபம். ஆண்கள் நாற்காலியில் உட்கார்ந்து வேதத்தை ஆராய்வார்கள். பெண்கள் பாயில் உட்கார்ந்து ஆண்கள் ஆராய்வதைப் பார்ப்பார்கள். நானும் அம்மாவும் டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடப்போம். நான் ஒரு ஆபீஸில் ஸ்டெனோ. மானேஜர் உளறுவதை ஒரு நாளைக்கு இருபது கடிதமாகத் திருத்தி எழுதுகிறவள். வேதத்தைப் பற்றி எனக்கும் ஒரு அபிப்பிராயம் இருக்கலாம் என்று அந்த நாற்காலிகளில் ஒன்றுக்கும் தோன்றியதில்லை.

அப்பா போவதற்கு முந்தின வருஷம், லெந்து என்கிற தவக்காலத்தில், எசேக்கியேலின் தரிசனத்தை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் தெரிந்த தரிசனம்தான். ஆண்டவர் தீர்க்கதரிசியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு பள்ளத்தாக்கில் நிறுத்துகிறார். பள்ளத்தாக்கு முழுக்க எலும்பு, காய்ந்து வறண்ட எலும்பு. இதெல்லாம் உயிர் பெறுமா என்று கேட்கிறார். பிறகு பேசச் சொல்கிறார், இவர் பேசுகிறார். எலும்புகள் கடகடவென்று நகர்ந்து ஒன்றோடொன்று சேர்கின்றன, நரம்பு வருகிறது, சதை வருகிறது, தோல் மூடுகிறது, கடைசியில் மூச்சும் வந்து எல்லாம் பெரும் சேனையாக எழுந்து நிற்கின்றன. படித்தால் எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செடுக்கும். ஆனால் எங்கள் கூடத்தில் யாருக்கும் கூச்செடுக்கவில்லை, விளக்கம்தான் எடுத்தது.

தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உண்டு, எங்கள் சபையின் கல்லறைக் கமிட்டிக்குச் செயலாளர். அவருக்கு அது இஸ்ரவேல் தேசத்தைப் பற்றிய தரிசனம். சிதறிப்போன ஜனம் சொந்த மண்ணுக்குத் திரும்பியாயிற்று, ஆகவே கிறிஸ்துவின் இரண்டாம் வருகை வாசல்படியில் நிற்கிறது. அந்த அதிகாரத்திலேயே ஆண்டவர் வாயால் அப்படித்தான் விளக்கம் இருக்கிறது என்று மேஜையைத் தட்டுவார். இன்னொருவர் பகலில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்து, மாலையில் கீபோர்டு வாசிக்கிற வாலிபர். அவரை நான் எழுப்புதல் பிரதர் என்றுதான் மனதுக்குள் கூப்பிடுவேன். அவருக்கு அந்த எலும்புகள் உயிரில்லாத சபை, அதாவது தன்னை ஞாயிற்றுக்கிழமை கீபோர்டு வாசிக்க விடாத எங்கள் சபை. ஆவி இறங்கினால் எழும்பும் என்பார்.

அப்பா இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. "அதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும் சார். எலும்புன்னா எலும்பு. கிறிஸ்து உடம்போடதானே எழுந்தாரு? தோமா காயத்துல விரலை விட்டுப் பாத்தானா இல்லையா? நாமளும் அப்படித்தான். கடைசி எக்காளம் ஊதினா அவனவன் எலும்பு அவனவன்கிட்ட வந்து சேரும். ஒண்ணுகூட மாறாது" என்பார். ஆறு புதன்கிழமை இப்படியே ஓடியது. எலும்பு உயிர் பெற்றதோ இல்லையோ, எங்கள் வீட்டு டீத்தூள் டப்பா செத்தது.

ஆறாவது புதன்கிழமை அப்பா உச்சிக்குப் போனார். பள்ளிக்கூட லாபரட்டரியிலிருந்து எலும்புக்கூட்டைக் கொண்டுவந்துவிட்டார். முழுசாக நிற்கிற கூடு இல்லை, மரப்பெட்டியில் தனித்தனியாக அடுக்கி வைத்த எலும்புகள். பஸ்ஸில் கண்டக்டர் "ஏனிது சார்?" என்று கேட்டு லக்கேஜ் டிக்கெட் போட்டிருக்கிறான். எலும்பு என்று அப்பா உண்மையைச் சொல்லவும் பக்கத்து சீட் உடனே காலியானதாம். மனிதர் அதைச் சாதனையாகச் சொல்லிக்கொண்டே வந்து, பீரோவிலிருந்து அம்மாவின் நல்ல பெட்ஷீட்டை எடுத்துக் கூடத்தில் விரித்தார். வாத்தியார்கள் வீட்டுக்கு நோட்டுப்புத்தகம் கொண்டுவருவார்கள், எங்கள் அப்பாவுக்கு அது போதவில்லை.

பாயில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்பா எலும்பை எலும்போடு சேர்த்துக் காட்டினார். தொடை, முழங்கால், விலா என்று ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலப் பெயர் வேறு. இடது கை வந்ததும் மாட்டிக்கொண்டார். விரல் எலும்புகள் பாதிக்கு மேல் இல்லை. வருஷக்கணக்கில் மாணவ மணிகள் ஒவ்வொன்றாக ஞாபகார்த்தம் எடுத்துப் போயிருக்கிறார்கள்.

"இப்ப இன்னா பண்ணுவீங்க சார்?" என்றார் தபால் பெரியவர், வாயெல்லாம் பல்லாக.

"எடுத்தவனுக்குத் தெரியாட்டியும் ஆண்டவருக்குத் தெரியும் எங்க இருக்குன்னு."

அம்மா டீத் தட்டோடு வாசல்படியில் நின்று அந்த எலும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது யாருங்க?" என்று கேட்டாள்.

"யாருன்னா? ஸ்பெசிமன். கல்கத்தாவுல இருந்து வாங்குனது."

"ஆம்பளையா, பொம்பளையா?"

அப்பா இடுப்பெலும்பைத் திருப்பிப் பார்த்தார். "பொம்பளதான். சின்ன வயசு."

"அவ வீட்டுல தேடியிருப்பாங்களே" என்றாள் அம்மா. ஆண்கள் சிரித்தார்கள். அம்மாவின் வெகுளித்தனம் சபையில் பிரசித்தம். வேதத்தை ஆராய்கிறவர்களுக்கு நடுவே இப்படி ஆளை விசாரித்தால் வெகுளி என்றுதான் பெயர்.

அவள் போகவில்லை. "ஏங்க, கொழந்தைங்க எலும்பும் இப்படியே இருக்குமா? மண்ணுக்குள்ள இத்தன வருஷம் கழிச்சு?"

அப்பா முகத்தை நான் அப்போது பார்த்தேன். அந்த மனிதர் யாருக்கும் பதில் சொல்லத் தயங்கி நான் கண்டதில்லை. கையிலிருந்த விலா எலும்பை அதன் இடத்தில் வைத்தார், எடுத்தார், திரும்ப வைத்தார். "இருக்கும். எல்லாம் அப்படியே இருக்கும். ஒண்ணுகூட மாறாது" என்றார். அம்மா தலையை ஆட்டிவிட்டு டீயை நீட்டினாள். எனக்கு அதில் தப்பு ஒன்றும் படவில்லை. டீயில் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்பதுதான் அன்றைக்கு என் கவலை.

அடுத்த வருஷம் ஒரு காலையில், ஷேவிங் கண்ணாடிக்கு முன்னால், பாதி முகத்தில் சோப்போடு அப்பா சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்முன் போய்விட்டார். மீதிப் பாதியை நான்தான் துணியால் துடைத்தேன். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பத்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. தபால் பெரியவர் கமிட்டி ரிஜிஸ்டரோடு வந்து உட்கார்ந்தார். எழுப்புதல் பிரதர் கீபோர்டு இல்லாமல் வந்திருந்தார், அந்த மட்டில் ஸ்தோத்திரம்.

"சிஸ்டர், ரூல் பிரகாரம் முப்பது வருஷம் தாண்டியாச்சு. குடும்பக் கல்லறையத் தாராளமாத் தொறக்கலாம்" என்றார் பெரியவர்.

"வேணாம்" என்றாள் அம்மா. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். "அவளத் தொந்தரவு பண்ணக் கூடாது. இவருதானே சொன்னாரு, அவங்கவங்க எலும்பு அவங்கவங்களுக்குன்னு? நீங்க மண்வெட்டியப் போட்டுக் கலைச்சுட்டா? அவ எலும்பு இவர் எலும்போட கலந்துட்டா? அன்னிக்கு எம்புள்ள ஒரு கை கொறஞ்சு எழுந்து நிக்கணுமா?"

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் தொண்டையைச் செருமினார். "சிஸ்டர், நீங்க அப்படி எடுத்துக்கக் கூடாது. அந்தத் தரிசனம் நம்மளப் பத்தினதே இல்ல. அது இஸ்ரவேல் ஜனத்தப் பத்தினது."

"ஆமாம்மா" என்றார் எழுப்புதல் பிரதர். அந்த ஆறு வாரமும் ஒத்துப்போகாத இருவரும் ஒத்துப்போனது இந்த ஒரு தடவைதான். "அது ஒரு அடையாளம். உயிரில்லாத சபையத்தான் எலும்புன்னு சொல்லியிருக்கு."

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆறு வாரம் என் கையால டீ குடிச்சீங்களே. அப்ப எம்புள்ளயப் பத்தி அதுல ஒண்ணுமே இல்லையா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேதபண்டிதர்கள் இருவரும் மின்விசிறியை ஆராய்ந்தார்கள். பெரியவர் ரிஜிஸ்டரைப் பிரித்து, வேறு வழியில்லாவிட்டால் அத்திபெலே ரோட்டில் நம்பர் கொடுத்துவிடலாம், மத்தியானத்துக்குள் சொல்லுங்கள் என்றார். அம்மா சரி என்பதுபோல் வாயைத் திறந்தாள். இந்த வீட்டில் நாற்பது வருஷம் அவரோடு சண்டை போட்டுக் குடித்தனம் நடத்தினவள், அவர் எங்கே கிடக்கிறார் என்று போய்ப் பார்க்க முடியாமல் சனிக்கிழமைகளை எப்படித் தள்ளுவாள்?

"அம்மா, கொஞ்சம் இரு" என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "அந்தத் தீர்க்கதரிசி இன்னா சொன்னாரு?"

"எதுக்கு?"

"இந்த எலும்பெல்லாம் உயிரோட எழும்புமான்னு ஆண்டவர் அவரக் கேட்டாருல்ல? இவங்க சொன்னதெல்லாம் கேட்டுட்டேன். அவரு இன்னா பதில் சொன்னாரு?"

நான் அப்பாவின் பைபிளை எடுத்தேன். அந்த அதிகாரம் ஹோலிப் பண்டிகை மாதிரி இருந்தது. சிவப்பில் கோடு, நீலத்தில் கோடு, பச்சையில் நட்சத்திரம், ஓரமெல்லாம் பொடி எழுத்தில் குறிப்பு. அம்மா கேட்ட வரியைத் தேடினேன். அது ஒன்றுக்குத்தான் கோடே இல்லை. ஆறு வாரத்தில் அந்த வரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேரில் நின்று எலும்புகளைப் பார்த்த மனிதர், எழும்பும் என்றும் சொல்லவில்லை, எழும்பாது என்றும் சொல்லவில்லை. அது உமக்குத்தான் தெரியும் ஆண்டவரே என்று சொல்லிவிட்டுச் சும்மா நின்றிருக்கிறார்.

அம்மாவிடம் சொன்னேன்.

"நேர்ல பாத்தவருக்கே தெரியலயா?"

"தெரியல போலத்தான் இருக்கு."

"இவங்களுக்கு மட்டும் ஆறு வாரத்துல தெரிஞ்சுபோச்சு" என்றாள். பிறகு ஐஸ் பெட்டியைப் பார்த்து, "உங்களுக்கும்தான்" என்றாள். எழுந்து போய் பீரோவைத் திறந்து ஒரு வெள்ளைத் தலையணை உறையை எடுத்தாள். ஓரத்தில் அவளே பூ வேலை செய்தது. "தொறக்கச் சொல்லுங்க. நான் வந்து நிப்பேன். இதுலதான் வைக்கணும்."

பெரியவர், சாதாரணமாகப் பெண்கள் அந்த நேரத்தில் வருவதில்லையே சிஸ்டர் என்று ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் ரிஜிஸ்டரை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் நாங்கள் நாலைந்து பேர். குழி தோண்டுகிறவர் வயதானவர், அம்மாவை எத்தனையோ வருஷச் சனிக்கிழமைகளாகத் தெரிந்தவர். சிலுவையைப் பெயர்த்துப் பத்திரமாக ஓரத்தில் சாய்த்தார். மேலே கடப்பாரை போட்டவர் போகப் போகக் கையாலேயே மண்ணை அள்ளினார். செம்மண். அம்மா தலையணை உறையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு குழி விளிம்பில் நின்றாள், ரேஷன் கடையில் அரிசிக்குப் பை பிடிப்பது மாதிரி. இடுப்பளவு ஆழம் போனது. துருப்பிடித்த ஆணி நாலைந்து வந்தது. அதற்கப்புறம் மண், அதற்கப்புறமும் மண்.

அவர் நிமிர்ந்தார். அம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "ஒண்ணும் இல்லம்மா. சின்னக் கொழந்த. இந்த மண்ணுல எங்க நிக்கும்? எல்லாம் கரைஞ்சுபோச்சு."

அப்போதுதான் எனக்கு விலா எலும்பும் அப்பாவின் முகமும் ஞாபகம் வந்தன. அவர் சயின்ஸ் வாத்தியார். பிஞ்சு எலும்பு செம்மண்ணில் என்னவாகும் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தேதான், அத்தனை பேருக்கு நடுவில், எல்லாம் அப்படியே இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். படுபாவி மனுஷன். அவர் சொன்ன வியாக்கியானத்திலேயே அது ஒன்றுதான் எனக்குப் பிடித்திருந்தது.

எழுப்புதல் பிரதருக்கு இந்த இடத்தில் ஆவி ஏவியது. "பாருங்கம்மா, நம்ம ஆண்டவருடைய கல்லறையும் காலியாத்தான்..." என்று தொடங்கினார். அம்மா திரும்பிப் பார்த்தாள். மீதியை அவர் விழுங்கிவிட்டார்.

"இன்னும் கொஞ்சம் பாருங்கண்ணா" என்றாள் அம்மா, குழிக்குள் இருந்தவரிடம். அவர் உட்கார்ந்து மண்ணை விரலால் சலித்தார். கடைசியில் கையை மேலே நீட்டினார். உள்ளங்கையில் வெள்ளையாக, சின்னச் சின்னதாக, ஐந்து பட்டன்கள். பிளாஸ்டிக். எலும்பு தாக்குப்பிடிக்காத இடத்தில் பிளாஸ்டிக் தாக்குப்பிடித்திருந்தது. இதற்கு எந்தப் புதன்கிழமையிலும் விளக்கம் கிடைக்கவில்லை.

அம்மா எண்ணினாள். "கவுன்ல ஆறு தெச்சேன்" என்றாள். "பின்னால ஆறு."

அவர் மறுபடி தேடினார், கால் மணி நேரம் இருக்கும். கிடைக்கவில்லை. போதும் விடுங்க என்று அம்மா சொன்னாள். பட்டன்களை நாக்கில் தொட்ட விரலால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். தலையணை உறைக்குள் போடவில்லை. உறையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பட்டன்களைக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். வீடு வரைக்கும் அந்தக் கையைத் திறக்கவில்லை.

மூன்று மணிக்கு ஆராதனை. சபைப் போதகரான ஐயர் வந்து சுருக்கமாகப் பிரசங்கம் செய்தார். எசேக்கியேல் பக்கம் போகவில்லை, நல்ல மனிதர். அப்பாவுக்குக் கல்யாணக் கோட்டைப் போட்டிருந்தோம், பித்தான் எட்டவில்லை. கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்றார்கள். எல்லோரும் பார்த்து முடித்தார்கள், அம்மா மட்டும் பாக்கி.

அவள் பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, அப்பாவின் கோட்டு மேல் பாக்கெட்டை இரண்டு விரலால் விரித்து, பட்டன்களை ஒவ்வொன்றாக உள்ளே போட்டாள். அவர் பள்ளிக்கூடம் கிளம்பும்போது சாமான் சீட்டைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு என்னென்ன வாங்கணும் என்று சொல்வாளே, அதே குரல்.

"ஒண்ணுகூட மாறாதுன்னு சொன்னீங்கல்ல? இந்தாங்க, அஞ்சு இருக்கு. ஆறாவது அவகிட்டதான் இருக்கும். மொதல்ல போய் அதக் கேட்டு வாங்குங்க."